மரை கழன்ற கார்

கிளிநொச்சியில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கராஜில், 2024ஆம் ஆண்டின் பெரும்பகுதியும் ஒரு மொறிஸ் மைனர் கார் எலும்புக்கூடாகக் கிடந்தது. அது என் சித்தப்பாவுடையது. 1955ஆம் ஆண்டுத் தயாரிப்பு. முன்கண்ணாடி நடுவில் பிளவுபட்ட பழைய வகை. 803 சிசி எஞ்சின். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள். ஸ்ரீ எழுத்து வந்து, அதற்குத் தார் பூசும் போராட்டமும் வருவதற்கு முந்திய வண்டி. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்த சித்தப்பா 1964இல் அதை ஒரு தோட்டத்துரையிடமிருந்து வாங்கி, இரணைமடுவுக்கும் உருத்திரபுரத்துக்கும் இடையில் ஓட்டித் திரிந்தார்.

அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகனின் விருப்பம். பணம் அவனுடையது. மேற்பார்வை, ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனாகிய என்னுடையது. நிபந்தனை ஒன்றே ஒன்றைத்தான் அவன் விதித்தான்.

“எல்லாம் ஒறிஜினலாய் இருக்கவேணும் அண்ணை. ஒரு போல்ற்கூட மாறக்கூடாது.”

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவனுடைய அயலில் எம்.ஜி. மிட்ஜெற் என்ற இருவர் அமரும் விளையாட்டுக் கார் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். அத்தகைய கார்களைப் போற்றுவோரின் உலகம் தனியானது. கண்காட்சிகளில் நடுவர்கள் குனிந்து, தரையை எந்தத் திருகாணி பிடித்திருக்கிறது, போல்ற்றின் தலையில் எந்த ஆலையின் முத்திரை இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். சிரிக்க வேண்டாம். அந்த விளையாட்டுக் காருக்கும் எங்கள் மைனருக்கும் நெருங்கிய இரத்த உறவு உண்டு. 1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்றும் 1961இல் வந்த மிட்ஜெற்றும் மைனரின் ஸ்ரியறிங் பல்சட்டத்தையும், மைனர் 1000இல் இருந்த அதே ‘ஏ’ வரிசை எஞ்சினையும் வாங்கிக்கொண்டு பிறந்தவை. பணக்காரத் தம்பிக்குச் செய்யும் மரியாதையை ஏழை அண்ணனுக்கும் செய்யவேண்டும் என்று இவன் கேட்டான், அவ்வளவுதான்.

ஆனால் வன்னியில் ‘ஒறிஜினல்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

முதலில் காரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோன்ற தனிச் சட்டம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராக ஓடிய ஒஸ்ரின் ஏ40 சமர்செற்றுக்கு அது உண்டு. உடலைத் தூக்கிவிட்டாலும் அடியில் சட்டம் நிற்கும். மைனரில் தரையும், பக்கப் படிகளும், குறுக்குப் பெட்டியும், கூரையும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டுத் தாமே சட்டமாகின்றன. ஆகவே மைனரின் தரை, கால் வைக்கும் பலகை மட்டுமல்ல. காரின் முதுகெலும்பில் ஒரு பங்கு. தரை உக்கினால் ஒரு நாள் கதவு பூட்டாது. பிறகு ஜாக் வைத்துத் தூக்கும்போது ஜாக் மட்டும் மேலே வரும், கார் வராது.

உக்குவதற்கு வன்னியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஒக்ரோபரில் தொடங்கும் வாடைக்காற்று மழை, வயற்சேறு, போதாக்குறைக்கு முல்லைத்தீவிலிருந்து மல்லாவிக்குப் பின் ஆசனத்தில் ஏறிப் பயணம் செய்த கருவாட்டு மூட்டைகள். உப்பும் ஈரமும் தகட்டுக்கு எதிரிகள் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கருவாட்டில்தான் அவருடைய குடும்பம் சில மாதங்கள் சீவித்தது.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடையை நேரில் அறிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. அறியாத இளையவர்களுக்காக ஒரு வரி: பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும், ஒருபோதும் சட்டையை விட்டுப் போகாத ஒரு மணமும்.

இது மந்திரமல்ல. அந்தக் காலத்து எஞ்சின்கள் குறைந்த அமுக்கத்தில் இயங்கியவை. ஏழுக்கு ஒன்று என்பதை ஒட்டிய விகிதம். மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருளை அவை சகித்துக்கொண்டன. 1940களின் இறுதியிலேயே பெர்குசன் உழவு இயந்திரத்தில் இத்தகைய எண்ணெயில் ஓடும் வகையொன்று பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்திருந்தது. எங்கள் மெக்கானிக்குகள் அந்த நூல்களைப் படித்தவர்களல்லர். ஆனால் அதே முடிவுக்கு வந்தார்கள். விலை வேறொன்றாகக் கொடுக்கப்பட்டது: எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி, கீழேயுள்ள எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது. ஒயிலும் தடை. எத்தனை எஞ்சின்கள் இப்படித் தேய்ந்து இறந்தன என்பதை எவரும் எண்ணி வைக்கவில்லை.

1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனபோது சித்தப்பா குடும்பத்தோடு அக்கராயனுக்கும், பிறகு மல்லாவிக்கும் போனார். கார் கூடவே போனது. 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் உருத்திரபுரத்துக்குத் திரும்பியது. 2006 யூலையில், தகர வேலை செய்விக்க வவுனியாவுக்கு அதைக் கொண்டுபோய் ஒரு தெரிந்தவர் வளவில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார். ஓகஸ்ற்றில் மீண்டும் போர். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆட்களே நாள்முழுக்க வரிசையில் நின்ற காலத்தில், அரைகுறையாகப் பிரித்த காரை யார் கொண்டுவருவது? அது அங்கேயே நின்றது. அதனால்தான் மிஞ்சியது. 2009 மே மாதத்துக்குப் பிறகு முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள், எரிந்தும் துருவேறியும் மலையாகக் குவிந்திருந்த வாகனங்களைப் பார்த்திருப்பார்கள். இந்தக் காரும் அங்கே இருந்திருக்கவேண்டியது.

சித்தப்பா கடைசி வரை அந்தக் கிழக்கு நோக்கிய நடையை நடந்து, உயிரோடு வெளியே வந்து, செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார். அதுவும் வவுனியா மாவட்டம்தான். காரும் அவரும் ஒரே மாவட்டத்தில் இருந்தார்கள், நடுவில் முட்கம்பி. 2009 செப்ரெம்பரில் முகாமிலேயே இறந்துபோனார். கடைசியாக என்னோடு தொலைபேசியில் பேசியபோது, காருக்கு மேலே படங்கு போட்டிருக்கிறார்களா என்று கேட்டார்.

இனிக் கராஜுக்கு வருகிறேன்.

மெக்கானிக் எழுபதைத் தாண்டியவர். பரந்தனில் உழவு இயந்திரங்களோடு தொழில் பழகியவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஆசனங்களைக் கழற்றி, கியர்ப்பெட்டிக்கு மேலுள்ள மூடியைப் பிடித்திருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பழைய பத்திரிகையின்மேல் வரிசையாக அடுக்கினார். பதினொன்று இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒவ்வொன்றின் குலம் கோத்திரத்தையும் சொன்னார். இரண்டு, சைக்கிள் மட்காட்டைத் தாங்கும் கம்பியினுடையவை. ஒன்று கூரைத் தகட்டுக்குப் போடும் கொளுக்கி ஆணி. வளைந்த பக்கம் அரத்தால் அறுக்கப்பட்டிருந்தது. ஒன்று தையல் மெசினின் இரும்புக் காலில் இருந்து வந்தது. ஒன்று குழாய்க்கிணற்றுக் கைப்பம்பியினுடையது. ஒன்று பித்தளை, ஏதோ வானொலிப் பெட்டிக்குள் இருந்திருக்கவேண்டும் என்றார். இரண்டு, சாதாரண மர ஆணிகள். மரை போய் அகன்றுவிட்ட ஓட்டைக்குள் பனஞ்சிராம்பைச் செதுக்கி அறைந்து, அதில் முறுக்கியிருந்தார் சித்தப்பா.

மீதி மூன்றையும் அவர் தனியே எடுத்து வைத்தார். “இது மூண்டும் சரியான மரை. மெசிப் பெர்குசனில கழட்டினது.”

‘மரை கழன்றவன்’ என்று நாம் ஒருவரைத் திட்டுகிறோமே, அந்த மரையின் வரலாறு எவ்வளவு சிக்கலானது என்பதை அன்றுதான் அறிந்தேன். பிரித்தானியாவில் ஜோசப் விற்வேர்த் 1841இல் மரைக்கு ஒரு பொது ஒழுங்கை முன்வைத்தார். பல்லின் கோணம் 55 பாகை. அதிலிருந்து பின்னர் நெருக்கமான பி.எஸ்.எப். மரை வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க, பிரித்தானிய போல்ற்றுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பட்ட அவதிக்குப் பின், 1948இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் 60 பாகையில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. அதன் நெருக்கமான வகை யூ.என்.எப். எங்கள் 1955 மைனரின் உடலில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஆனால் விளக்குகளிலும் சுவிச்சுகளிலும், லூக்காஸ் கம்பனி பழக்கத்தை விடாமல் பி.ஏ. என்ற வேறொரு மரையை வைத்திருந்தது. மொறிஸ் கம்பனியின் கூத்து இன்னும் பெரிது. 1923இல் அது கொவென்றியில் வாங்கிய ஒச்கிஸ் எஞ்சின் ஆலையின் இயந்திரங்கள் பிரெஞ்சுக்காரருடையவை. அவை மில்லிமீற்றர் மரையைத்தான் வெட்டும். ஆங்கிலேயரிடம் இருந்ததோ விற்வேர்த் ஸ்பானர்கள். ஆகவே மரையை மில்லிமீற்றரிலும் தலையை விற்வேர்த்திலும் செய்தார்கள்! எம்.ஜி.யின் புகழ்பெற்ற ‘ரி’ வரிசை விளையாட்டுக் கார்களின் எஞ்சின்வரை இந்தக் கலப்புத் திருமணம் நீடித்தது. எம் சித்தப்பாவின் தையல் மெசின் போல்ற்றைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, மரை மாறினால் என்ன? இறுகிப் பிடித்தால் போதாதா? நானும் கேட்டேன். அண்ணை இரண்டு போல்ற்றுகளை என் கையில் தந்தார். ஒன்று பதினாறில் ஐந்து அங்குலம். அவருடைய பாசையில் இரண்டரை நூல். மற்றது இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் எட்டு மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் முன்னதில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் ஏறத்தாழ 20. எட்டு மில்லிமீற்றரை மைனரின் நட்டுக்குள் விட்டால் முதற்சுற்று விரலாலேயே போகும். பிறகு இறுகும். ‘நன்றாகப் பிடிக்கிறது’ என்று மகிழ்ந்து ஸ்பானரைப் போட்டு முறுக்குவோம். உண்மையில் அது தன் மரையால் மற்றதன் மரையைத் தின்றுகொண்டிருக்கும். ஆறு மில்லிமீற்றர் வேறு விதம்: கால் அங்குலத்தைவிட மெலிந்தது என்பதால் உள்ளே ஆடி ஆடி நிற்கும், வண்டி நூறு கட்டை ஓடியதும் கழன்று விழும்.

இதில் தின்னப்படுவது சாதாரண நட் என்றால் தூக்கி எறிந்துவிடலாம். மைனரின் தரையில் இருப்பவை, தகட்டின் மறுபக்கத்தில் சிறு கூண்டுக்குள் அடைத்து ஒட்டப்பட்ட நட்டுகள். ஆலையில், தகடுகளை மூடி ஒட்டுவதற்கு முன்னரே அவற்றை வைத்துவிட்டார்கள். இன்று அவற்றை அடைய வேண்டுமானால் தகட்டை வெட்டவேண்டும். ஒரு பிழையான போல்ற் கூண்டையே பிய்த்துவிட்டால், பிறகு நட்டும் சேர்ந்து சுற்றும். இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஆகவே தம்பி ரொறன்ரோவில் இருந்து கேட்டது வெறும் பகட்டல்ல என்று நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஆலை முத்திரை முக்கியமில்லை, மரைதான் முக்கியம் என்று அண்ணை சொன்னதையும் ஏற்றுக்கொண்டேன்.

அந்த மரைக்கு எங்கே போவது? 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் நாட்டை நிறைத்தவை யப்பான் வாகனங்களும் பிறகு இந்திய முச்சக்கரவண்டிகளும். கடைகளில் எல்லாம் மில்லிமீற்றர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம் என்றார்கள்; ஒருமுறை போய், வெயிலில் அலைந்து, ஒரு கை நிறையக் கொண்டுவந்தேன். அவற்றில் பாதி பி.எஸ்.எப். என்று அண்ணை, அளவுச் சீப்பை மரையில் வைத்துப் பார்த்ததும் ஒதுக்கிவிட்டார். கால் அங்குலத்தில் அதற்கு 26 மரை, இதற்கு 28. எங்களுக்கு அது தெரியாது, நட்டுக்குத் தெரியும்.

கடைசியில் வழி, அண்ணையின் முன்னாள் எசமானர்களான உழவு இயந்திரங்களால் வந்தது. மாசி பெர்குசன் 135 போன்ற பழைய உழவு இயந்திரங்களிலும் இதே 60 பாகை அங்குல மரைதான். வன்னியின் வயல்களில் அவை இன்றும் உழுகின்றன. ஆகவே உதிரிப்பாகமும் வருகிறது, அதில் ஒரு பங்கு 1960இல் தொடங்கிய சென்னை டாபே நிறுவனத்துடையது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் விளையாட்டுக் கார் வைத்திருப்போர் ஒரு பொதி போல்ற்றுக்குத் தபாலில் காத்திருக்க, நாங்கள் நெல் விதைப்புக்கு முந்திய வாரத்தில் விவசாயிகளோடு வரிசையில் நின்று அதே மரையை வாங்கினோம். சித்தப்பாவின் மூன்று ‘சரியான’ போல்ற்றுகள் வந்த வழியும் இதுதான்.

தரைத் தகட்டின் கதை வேறு. அதில் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், பழைய காரைத் திருத்தித் திருத்தி வாழ்நாள் முழுதும் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்டவர். அவர் தனபால சமரசேகர என்ற இலங்கைத் தொழில் முயற்சியாளரோடு சேர்ந்து, ‘டியூரபிள் கார் கம்பனி’ என்ற பெயரில், இந்த நாட்டின் தெற்கில் மைனருக்கான தகட்டுப் பாகங்களைக் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார். இது 1990களில் நடந்தது. அருமையான முயற்சி, அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே தீவில், அதே ஆண்டுகளில், ஓமந்தைக்கு வடக்கே ஒரு துண்டு இரும்புத் தகட்டுக்குத் தடை இருந்தது. பாத் நகரத்து மைனர் புதுத் தகட்டோடு ஓடியபோது, மல்லாவியில் சித்தப்பா என்ன செய்தார் என்பதை, முன் இடதுபக்க விரிப்பைத் தூக்கியபோது பார்த்தோம்.

தார்ப் பீப்பாயை வெட்டி, அடித்துத் தட்டையாக்கி, அலுமினிய றிவிற்றுகளால் தரையில் பதித்திருந்தார். பீப்பாயின் வளைவு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஓரமெல்லாம் உருக்கிய தார். திணைக்களத்தில் முடித்த ஒவ்வொரு வேலையிலும் திகதி பொறிக்கும் பழக்கம் அவருக்கு. தகட்டின் மூலையில் ஆணியால் கீறியிருந்தார்: 14.2.97 மல்லாவி.

படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் தம்பி அழைத்தான். “அண்ணை, அதை வெட்டவேண்டாம்.”

ஒரு போல்ற்கூட மாறக்கூடாது என்றவன் அவன்தான். எது ஒறிஜினல், 1955இல் கௌலி ஆலையில் ஒட்டப்பட்டதா, 1997இல் மல்லாவியில் அறையப்பட்டதா என்று அவனிடம் விவாதிக்க நான் விரும்பவில்லை. அண்ணையிடம் கேட்டேன். அவர் ஸ்குறூட்றைவரின் பிடியால் அந்தத் தகட்டைத் தட்டினார். பிறகு பக்கப் படியோடு அது சேரும் இடத்தை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. கருவாட்டு உப்பில் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தின்று, றிவிற்றுகள் வெண்பொடியாகியிருந்தன. “கொப்பர் கெட்டிக்காரன். ஆனா இது கார் நிக்கிற இடம்” என்றார். புதுத் தகடு போட்டு அதன்மேல் இதை வைத்து மூடலாமா என்று தம்பி கேட்டான். அதற்கும் அவர் ஒப்பவில்லை. இரண்டு தகட்டுக்கு நடுவில் தண்ணீர் நிற்கும், பத்து வருடத்தில் புதியதும் போய்விடும். அவர் சொன்னது சரி. நான் அவர் பக்கமே நின்றேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மாதம் என்னோடு அதிகம் பேசவில்லை.

புதுத் தரை இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டியில் வந்தது. அது எந்த நாட்டில் அழுத்தப்பட்டதென்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. உக்கியதை வெட்டும்போது உடல் வளையாதிருக்க, கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வேலை தொடங்கினார்கள். கூண்டு நட்டுகளை முன்பே வைத்து, ஆலையின் புள்ளி ஒட்டுகள் இருந்த இடங்களில் துளையிட்டு நிரப்பி ஒட்டினார்கள். பின் மட்காட்டுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள நாடாவைக்கூட மாற்றியாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறக்கப்படும்வரை பழைய கார்களுக்கு ஏறியிருந்த விலையைக் கேட்டு, கராஜுக்கு வந்து விலை பேசியவர்கள் நாலைந்து பேர். அண்ணையே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கியர்ப்பெட்டி மூடி பூட்டப்பட்ட அன்று, உழவு இயந்திர போல்ற்றுகள் மூன்றும் தாம் இருந்த ஓட்டைகளுக்கே திரும்பிப் போயின. மற்ற எட்டும் புதியவை. மல்லாவித் தகட்டைச் சாக்கில் சுற்றி என் வீட்டில் வைத்திருக்கிறேன்; தம்பி கோடை விடுமுறைக்கு வரும்போது கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறான். பழைய எட்டுத் திருகாணிகளையும் வேண்டும் என்றான். அண்ணையிடம் கேட்டேன். ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைக் கொண்டுவந்து கவிழ்த்தார். எண்ணிப் பார்த்தால் ஏழு. தையல் மெசின் போல்ற்றைக் காணவில்லை.

“அது நல்ல போல்ற் தம்பி,” என்றார். “பக்கத்து வளவுத் தண்ணிப் பம்பிக்குப் போட்டிட்டன்.”